குற்றாலத்தில் ஓசையடங்கிய பிரேக்

என் மிதிவண்டியை விமானத்தில் ஏற்றுவது குறித்து எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் நிலவின. ஒன்று என்னுடையது. மற்றொன்று மற்ற அனைவருடையது.

பேரனுக்கு முடியெடுத்துக் காது குத்தும் சடங்கு, தென்காசியை அடுத்த அச்சன்புதூரில், மருமகள் செண்பகத்தின் பிறந்த வீட்டில் நடைபெற இருந்தது. மகனும் மருமகளும் குழந்தையோடு முன்னரே சென்றுவிட்டனர். நானும் என் மனைவி ராஜலட்சுமியும் சிங்கப்பூரிலிருந்து பின்னால் புறப்பட்டோம். நான் அரசுத் துறையொன்றில் உயர் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்போர் குழுவுக்குத் தலைவனும் நானே. அத்தகையவன், எழுபதை நெருங்கும் வயதில், தடித்த டயர் பூட்டிய மலை மிதிவண்டியில் காய்கறி வாங்கவும் நூலகத்துக்கும் செல்வது தகுமா என்று எங்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் சிலர் பேசிக்கொண்டதை அறிவேன். நான் விளக்கம் அளித்ததில்லை. வண்டியைத் துடைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, முதுகை நிமிர்த்தி ஓட்டினேன். அதுவே விளக்கம்.

சென்ற ஆண்டு மழையில் நனைந்த சாக்கடை மூடியொன்றில் சக்கரம் வழுக்கி, சந்தை வாசலில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். அன்று முதல் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது வீட்டாரின் முடிவு. நான் அதை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாதவளான என் மனைவி அருகில் வந்து நின்றாள்.

“அங்க இந்த வண்டி உங்களச் சுமக்கணும். ஒரு தடவ நீங்க அதத் தள்ளிட்டு வந்தாலும் சரி, உங்களையும் வண்டியையும் யாராவது வேன்ல ஏத்திட்டு வந்தாலும் சரி, வண்டிய சம்பந்தி வீட்டுலயே விட்டுட்டு வந்துடுவோம். அங்க ஓட்ட ஆள் இருக்கு.”

ஒப்புக்கொண்டேன். சொன்ன சொல்லிலிருந்து மாறாதவன் என்று பெயரெடுத்தவனுக்கு வேறு வழியும் இல்லை.

மதுரையில் இறங்கியபோது எங்களுக்காகக் காத்திருந்த வேனின் ஓட்டுநர், பெட்டியைக் கூரைமேல் ஏற்றிக் கட்டியபடியே கேட்டார். “உள்ள என்ன சார், ஃபிரிட்ஜா?”

“மிதிவண்டி.”

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. “சைக்கிளா? எங்க ஊர்ல சைக்கிள் கெடைக்காதுன்னு யாரு சார் உங்ககிட்ட சொன்னது?”

வழியில் தேநீர்க் கடையொன்றில் அவர் திடீரென்று வேனை நிறுத்தினார். பெட்டி கூரைமேல் ஒரு முழம் நகர்ந்து, கம்பியில் இடித்து நின்றது. “ஒண்ணும் ஆயிருக்காது சார், சைக்கிள்தான,” என்றார். தேநீர் மட்டும் மிக நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் அதே தேநீரை அரை மணி நேரம் வரிசையில் நின்று, காகிதக் குவளையில் வாங்கிக் குடிப்போம்.

அச்சன்புதூரில் நாங்கள் இறங்கியபோது மேற்கே மலை தெரியவில்லை. மேகம் வயல்வரை இறங்கியிருந்தது. சம்பந்தி சுடலைமுத்து வாசலில் நின்றிருந்தார். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது நெல்லும் தென்னையுமாக விவசாயம் பார்ப்பவர். ஊரார் இன்றும் அவரை ஏட்டையா என்றே அழைக்கின்றனர். மீசையும் நிற்கும் தோரணையும் பணியில் இருந்து ஓய்வு பெறவில்லை.

“வாங்க சம்பந்தி, வாங்க மதினி! பெட்டி பெருசா இருக்கே, பேரனுக்குத் தொட்டிலா?”

உண்மையைச் சொன்னேன். ஒரு கணம் திகைத்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். “எல்லாரும் வாங்க! சம்பந்தி சிங்கப்பூர்லேர்ந்து சைக்கிள் கொண்டாந்திருக்காக!”

ஆகவே நான் வண்டியின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது ஏறக்குறைய ஒரு பொது நிகழ்ச்சியாயிற்று. கியர் மாற்றும் கருவியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு வளைந்திருந்தது. அதை ஹேங்கர் என்பர். அடி விழுந்தால் தான் வளைந்து மற்றதைக் காப்பதற்காகவே அதனை மெல்லிய உலோகத்தில் செய்கின்றனர். வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறும் என்பதால் மாற்று ஹேங்கர் ஒன்றை எப்போதும் இருக்கையின் கீழ்ப் பையில் வைத்திருப்பேன். அதைப் பூட்டினேன். கியர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. கூடியிருந்தோர் முணுமுணுத்தனர். ஓட்டுநரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உதிரிப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரே கொள்கைதான். பழுதானால் எளிய கடையிலும் எது கிடைக்குமோ, அதையே பூட்ட வேண்டும். என்னோடு சிங்கப்பூரின் உபின் தீவில் வார இறுதியில் ஓட்டும் நண்பர்கள், நெம்புகோலை ஒரு விரலால் தொட்டாலே நிற்கும் நீரழுத்தப் பிரேக்குக்கு மாறிவிட்டனர். நான் கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கையே வைத்துக்கொண்டேன். “உங்களைப் போலவே விறைப்பான கம்பி சார்,” என்று கேலி செய்தனர். டயர் நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் பற்களோடும் இருக்கும். தார்ச் சாலையில் மூச்சு வாங்காது, மண்ணில் வழுக்காது. பின்புறம் தட்டுப்போல் அகன்ற பெரிய பல்சக்கரம் ஒன்று உண்டு. என் முழங்கால்களின் நன்றி முழுவதும் அதற்கே உரியது. அன்றாடம் ஓட்டுபவனுக்கு வேகம் ஒரு பொருட்டன்று. வண்டி நாளையும் ஓட வேண்டும்.

அன்று மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறினர். சம்பந்தியின் மனைவி பேச்சியம்மாள் என் இலையில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். “போதும்” என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் பொருளில்லை என்பதை அப்போதே அறிந்துகொண்டேன். எண்ணெய், அவர்கள் வயலில் விளைந்த எள்ளைச் செக்கில் கொடுத்து ஆட்டியது. அதன் மணம் இதை எழுதும்போதும் என் மூக்கில் இருக்கிறது. அதற்குக் காரணம் சோறு மட்டுமன்று.

மறுநாள் குற்றாலம். நான் மிதிவண்டியிலும் சம்பந்தி மொபெட்டிலும் சென்றோம். மொபெட்டை என் வேகத்துக்குக் குறைத்து, பக்கத்திலேயே வந்தார். வழியெல்லாம் சாரல். மழை என்று சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. பச்சை வயலுக்கு நடுவே, குடை பிடிக்காமல், அவசரப்படாமல் மக்கள் நடந்துகொண்டிருந்தனர். சிங்கப்பூரில் இந்த அளவு நீர் விழுந்தால் மூடிய நடைபாதைக்குள் ஓடிவிடுவோம்.

பேரருவியின் முன் நின்றபோது எங்கள் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் விழும் அருவி நினைவுக்கு வந்தது. அதன்முன் படம் எடுத்துக்கொள்ளலாம், நனைய முடியாது. இங்கோ, நீர் பிடரியில் கைவைத்துத் தள்ளியது. இரு கைகளாலும் பாறையைப் பற்றிக்கொண்டு, என்னையறியாமல் உரக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்பது நினைவில்லை. குளிப்பதற்கு முன் சம்பந்தியின் வற்புறுத்தலால் ஒருவர் என்னைப் பலகையில் படுக்கவைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, மூட்டு மூட்டாக விலக்கிப் பூட்டினார். என் வண்டியை நான் பூட்டுவதுபோலவே. அந்த ஊரில் எண்ணெய் மனிதருக்கு மருந்து, மரியாதை, வரவேற்பு எல்லாமுமாக இருக்கிறது. இதை இங்கே குறித்துவைக்கிறேன்.

திரும்பும்போதுதான் அந்த ஓசை எழுந்தது. என் பிரேக்கில், சக்கரத்தின் நடுவே சுழலும் டிஸ்க் என்னும் இரும்புத் தட்டை இருபுறமும் சிறு பேடுகள் பற்றிப் பிடிக்கும். ஈரமானால் அது கீச்சிடும். பற்றும் தன்மை குறைவதில்லை, காய்ந்ததும் ஓசையும் அடங்கிவிடும். இதில் பழுது ஏதுமில்லை. எனினும் கடைவீதியின் நெரிசலில் நான் நெம்புகோலை அழுத்திய ஒவ்வொரு முறையும் கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாதுகாப்புக்கு நின்றிருந்த காவலர் ஒருவர் சம்பந்தியைக் கண்டு சிரித்தார்.

“என்ன ஏட்டையா, ரிட்டயர் ஆயும் விசில விடமாட்டீங்களோ?”

சம்பந்தி சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்ததைக் கண்டேன். “என்ன சம்பந்தி, வண்டி இப்பிடி அலறுது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஈரம். ஒன்றுமில்லை,” என்றேன். அதற்குமேல் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சாலையில் நின்று விளக்கிக்கொண்டிருப்பது என் வழக்கமன்று.

வழியோரக் கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே டுரியான்! எங்கள் ஊரில் அதை ரயிலில் கொண்டுசெல்லக் கூடாது, விடுதியில் வைத்திருக்கக் கூடாது என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

“ஒரு பழத்தையா ரயில்ல ஏத்தமாட்டாங்க?” என்று வியந்தார். “மனுசன ஏத்துவாங்கல்லா?”

மூன்றாம் நாள் சடங்கு. பேரன் தாய்மாமன் மடியில் அமர்ந்து, முடி போனபோது சிரித்து, காது குத்தியபோது ஊரைக் கூட்டி, பிறகு வெல்லத்தை வாயில் வைத்ததும் அனைவரையும் மன்னித்தான். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சம்பந்தி எழுந்து அறிவித்தார். மறுநாள் ஐந்தருவிக்கு மேலே அவருடைய சித்தப்பா மகனின் பழத்தோட்டத்தில் விருந்து. எல்லாரும் வேனில் வரலாம்.

“எங்க சம்பந்தி மட்டும் சைக்கிள்லயே ஏறி, சைக்கிள்லயே எறங்குவாக. இந்த வயசுல! நீங்களும் இருக்கீங்களே, தெருமுனைக்கு பீடி வாங்க ஆட்டோ கேக்கீங்க.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. என் மனைவி மட்டும் என்னை இன்னும் சற்று நேரம் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை வாசலுக்கு வந்தபோது வண்டி பளபளத்துக்கொண்டு நின்றது. சேறு இல்லை. சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றியிருந்தனர். சம்பந்தி தம் கையால் அதைப் பிடித்து என்னிடம் தந்தார்.

“இனி சத்தம் போடாது, சம்பந்தி. நானே பாத்துட்டேன்.”

ஒவ்வொரு நாளும் ஏறுமுன் இரு பிரேக்கையும் அழுத்தி, வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பார்ப்பது என் வழக்கம். அந்தச் சோதனையைச் செய்யாமல் நான் மாடிப்படிக்கு அப்பால் வண்டியை நகர்த்தியதே இல்லை. அன்று செய்யவில்லை. பெண் கொடுத்த வீட்டின் பெரியவர் பூச்சூட்டிக் கையில் தந்ததை, அவர் கண்ணெதிரில் சந்தேகித்துச் சோதிக்க என் கை எழவில்லை. வணங்கிப் பெற்றுக்கொண்டு ஏறினேன்.

இலஞ்சி வழியாகக் குற்றாலம்வரை சமவெளி. காற்றும் எதிர்த்து வீசியது. பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே நேரவில்லை. படகு விடும் குளத்தைத் தாண்டியதும் ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடந்தது. நெம்புகோலை அழுத்தினேன். ஓசையில்லை. நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டது, வண்டியோ தன் போக்கில் சென்றது. காலைத் தரையில் ஊன்றி, கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். இடையர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார். “பூவெல்லாம் நல்லாத்தான் சுத்தியிருக்கீரு. பெரேக்கு வாங்க மறந்துட்டீரோ?”

இறங்கி, முன்சக்கரத்தின் டிஸ்கை விரலால் தொட்டேன். விரலை முகர்ந்தேன். உளுந்தஞ்சோற்றில் ஊற்றிய அதே நல்லெண்ணெய்.

நடந்தது உடனே விளங்கியது. அருவிக்கு வந்தவனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஊர் அது. அலறும் வண்டிக்கும் அதையே செய்திருக்கிறார். சம்பந்தி வீட்டு வண்டி கடைவீதியில் ஓசையிட்டதைத் தமக்கு வந்த இழுக்காகக் கருதி, வீட்டிலிருந்ததில் மிக நல்ல எண்ணெயை எடுத்து, இரு டிஸ்குகளுக்கும் தம் கையாலேயே பூசித் துடைத்திருக்கிறார். பிரேக்கின் மீது எண்ணெய் படவே கூடாது என்பது அதைப் பூட்டுபவன் முதலில் கற்கும் பாடம். ஆனால் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் “ஒன்றுமில்லை” என்று சொல்லியிருந்தேன்.

வேனில் சென்ற அவருடைய உறவினர் அனைவரும் மேலே காத்திருந்தனர். அவர்கள் நடுவே, “நீங்கள் என் பிரேக்கைக் கெடுத்துவிட்டீர்கள்” என்று நான் எப்படிச் சொல்வேன்? ஏற்றத்தில் பிரேக் வேண்டியதில்லை. கைக்குட்டையால் இயன்றவரை துடைத்துவிட்டு, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, மெல்ல மிதித்தேன். ஐந்தருவிக்கு மேல் தோட்டத்துச் சிமெண்டுச் சாலை, கூரை ஓட்டின் சரிவைப்போல் நின்றது. ஏறிவிட்டேன். மூச்சிரைப்பை வாசலுக்கு வெளியே முடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கைபேசியில் படம் எடுத்தபடியே கைதட்டினர்.

விருந்தைக் குறை சொல்ல இடமில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, இரண்டாம் முறை கேட்காமலே விழுந்த ஈரல், மரத்திலிருந்து அப்போதே பறித்த மங்குஸ்தான். அனைவரும் படுத்தும் அமர்ந்தும் பேசிக்கொண்டிருந்தபோது நான் வண்டியைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுசென்று, பாத்திரம் துலக்கும் சோப்பால் டிஸ்குகளைக் கழுவினேன். டிஸ்க் இரும்பு, கழுவினால் எண்ணெய் போகும். பேடு அப்படியன்று. அது குடித்த எண்ணெயைத் திரும்பத் தராது. அழுத்திப் பார்த்தேன். வெண்ணெயைப் பிடித்ததுபோல் நழுவியது.

திரும்பும் நேரம். சம்பந்தி அனைவரையும் வேனில் ஏற்றினார். “நாங்க கீழ மெயின் ரோட்டுல நிக்கோம், சம்பந்தி. நீங்க எறங்கி வாரத வீடியோ எடுக்கணும். ஸ்டேட்டஸ் போடணும்லா!” என் மனைவியும் அவர்களோடு ஏறினாள். வேன் கீழே வளைந்து மறைந்தது. நானும் வண்டியும் நின்றோம்.

என்முன் மூன்று வழிகள் இருந்தன. ஓட்டினால், முதல் வளைவிலேயே பாக்குமரங்களுக்குள் போய்ச் சேர்வேன். உண்மையைச் சொல்லி வேனை வரவழைத்தால், சம்பந்தி தம் வீட்டார் முன் தலைகுனிவார். அவர் கை செய்த வேலையால் மாப்பிள்ளையின் தகப்பன் விழ இருந்தான் என்ற பேச்சு அந்த ஊரில் எளிதில் அடங்காது. தள்ளிக்கொண்டு இறங்கினால், அவருக்கு ஒன்றுமில்லை. என் பெயர் போகும், வண்டியும் போகும்.

தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

நீண்ட இறக்கம் அது. களை பறித்துவிட்டு ஏறிவந்த பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டனர்.

“ஏட்டி, அங்கன பாரு. சைக்கிள் ஓட்டத் தெரியாம தாத்தா தள்ளிட்டு வாராரு.”

“தெரியாட்டி என்னட்டி? சட்டை எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரு.”

கேரளத்துக் கார் ஒன்று நின்றது. டயர் வெடித்துவிட்டதா, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று உள்ளிருந்த இளந்தம்பதியர் மலையாளத்தில் கேட்டனர். மறுத்தேன். அந்தப் பெண் சன்னல் வழியாக ஒரு தண்ணீர்ப் புட்டியை நீட்டி, வாங்கிக்கொள்ளும்வரை கையை எடுக்கவில்லை. அவர்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இங்கே அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

கடைசி வளைவில் திரும்பியதும், சாலையோரம் வரிசையாக உயர்ந்திருந்த கைபேசிகள் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. யாரோ சிரிப்பை அடக்கினார். சம்பந்தி ஓடிவந்தார்.

“என்ன சம்பந்தி? கீழ விழுந்திட்டீங்களா?”

“இல்லை. உங்கள் வீட்டு விருந்து அப்படி. வயிறு நிறைந்திருக்கும்போது இறக்கத்தில் ஓட்டுவது என் வழக்கமன்று,” என்றேன். பிறகு, பொழுது சாய்ந்துவிட்டது என்று காரணம் காட்டி, வண்டியை வேனின்மேல் ஏற்றச் சொன்னேன். ஆக, மனைவி விதித்த நிபந்தனையின் இரு பகுதிகளும் ஒரே நாளில் மீறப்பட்டன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் பேடுகளைக் கழற்றிக் காகிதத்தில் பொதிந்துகொண்டு, நகரப் பேருந்தில் தென்காசிக்குச் சென்றேன். வண்டி இனி இந்த வீட்டுக்கு உரியது. பிடிக்காத பிரேக்கோடு ஒருவருக்கு வண்டி கொடுப்பது கண்ணியமாகாது. முதலில் காசி விசுவநாதரை வணங்கச் சென்றேன். கோபுர வாசலில் காற்று எதிர்த்து வந்து மார்பில் கைவைத்து நிறுத்தியது. அந்த வாசலில் எப்போதும் அப்படித்தான் என்று பக்கத்தில் வந்தவர் சொன்னார். நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பிறகு நுழைந்தேன்.

சைக்கிள் கடை கோவிலுக்கு அருகிலேயே இருந்தது. என் கொள்கையைக் கேலி செய்த உபின் தீவு நண்பர்கள் அந்த நேரத்தில் என்னோடு இல்லாதது வருத்தமே. இப்போது பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிள்களில் எல்லாம் கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்தான் வருகிறது. என் பிரேக்குக்குரிய அதே வட்டப் பேடுகள் ஆணியில் சரம் சரமாகத் தொங்கின. நீரழுத்தப் பிரேக்காக இருந்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

கடைக்காரர், பொதியைப் பிரித்துப் பழைய பேடைத் திருப்பிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, இது இப்பிடிக் கெடக்கு?”

“மழையில் ஓட்டினேன்.”

முகர்ந்தார். “தென்காசி மழையில நல்லெண்ணெய் வாசம் வருமா அண்ணாச்சி?” பிறகு என்னை உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். “நீங்க அச்சன்புதூர் ஏட்டையாவோட சம்பந்தில்லா? ஸ்டேட்டஸ்ல பாத்தேன், பூவெல்லாம் சுத்தி ஏறுதீங்க! எறங்குத வீடியோவத்தான் காணும்.”

“இதை அங்கே சொல்ல வேண்டியதில்லை,” என்றேன். என் பழைய அலுவலகத்தில் அந்தக் குரலுக்கு மதிப்பிருந்தது.

“நான் ஏன் சொல்லப்போறேன், அண்ணாச்சி!” என்று நெஞ்சில் கைவைத்தார்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து, டிஸ்குகளைப் புதுத்துணியால் துடைத்தேன். பேடுகளைப் பூட்டினேன். புதுப் பேடு உடனே பற்றாது. வேகமாகச் சென்று மெல்ல அழுத்தி, நிற்காமல் விட்டு, மீண்டும் வேகமெடுத்து அழுத்த வேண்டும். பலமுறை செய்தால்தான் பேடும் டிஸ்கும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். வயல்வரப்பை ஒட்டிய மண்சாலையில் முன்னும் பின்னும் ஓட்டினேன். இறுதியில் வாய்க்கால் நீரை டிஸ்கில் அள்ளித் தெளித்து அழுத்தினேன். ஊர் முழுதும் கேட்கும்படி கீச்சிட்டது. கொக்குகள் எழுந்து பறந்தன. வண்டி நின்ற இடத்தில் நின்றது.

புறப்படும் காலை, வண்டியைத் துடைத்துத் தென்னையில் சாய்த்துவிட்டு, சம்பந்தியிடம் சொல்ல வேண்டியதை மனத்துள் கட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் ஓட்டட்டும், மாதம் ஒருமுறை செயினைத் துடைக்கட்டும், என் நினைவாக இருக்கட்டும். பேச்சு தயாரானபோது ராஜலட்சுமி வந்தாள். கையில் அட்டைப்பெட்டியும் ஒட்டும் நாடாவும் இருந்தன.

“முன்சக்கரத்த இன்னும் கழட்டலையா? வேன் வந்துடும்.”

“நிபந்தனை?” என்றேன்.

“உங்க கைக்குட்டையத் துவைச்சது யாரு?” என்றாள். பெட்டியை விரித்துக் கீழே வைத்தாள். “போன வருஷம் சந்தையில அந்த மூடி நனைஞ்சிருந்தது உங்களுக்குத் தெரியும். குழுத் தலைவர் நாலு பேர் முன்னாடி எறங்கித் தள்ளுறதான்னு அது மேலயே ஓட்டி விழுந்தீங்க. முந்தாநாள் அத்தன பேர் ஃபோனத் தூக்கிட்டு நின்னாங்க. எறங்கி வந்தீங்க. எனக்கு இனிமே பயம் இல்ல. கழட்டுங்க.”

கழற்றினேன். அவள் நாடாவை ஒட்டும்போது பெட்டியின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வேன் வந்தது. அதே ஓட்டுநர். இம்முறை பெட்டியைச் சம்பந்தியே கூரைமேல் ஏறிக் கட்டினார். முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து, வீட்டுக்குள் சென்று, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய எண்ணெய்ப் புட்டியோடு திரும்பினார். இரு கையாலும் நீட்டினார். நானும் இரு கையாலும் வாங்கினேன். அந்த மணத்தை எங்கிருந்தாலும் அறிவேன்.

சுற்றிலும் உறவினர் நின்றிருந்தனர். அவர் குரலைத் தாழ்த்தி, என் காதருகில் குனிந்தார்.

“செயினுக்கு மட்டும், சம்பந்தி.”

கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அல்லது முப்பதாண்டுக் காலம் பிறர் முகத்தைப் படித்த காவலர் கண், அந்தச் சாலையோரத்திலேயே எல்லாவற்றையும் கண்டுகொண்டிருக்கிறது. அவர் கண் ஓரம் ஈரமாக இருந்தது. சாரலாகவும் இருக்கலாம். நான் அவர் கையை விடவில்லை. அவரும் விடவில்லை. ஓட்டுநர் ஒலிப்பான் அடித்தபோதுதான் இருவரும் நிமிர்ந்து, அவரவர் தோரணைக்குத் திரும்பினோம்.

நல்லெண்ணெய் செயினுக்கும் ஆகாது. தூசியை இழுத்துப் பிசினாக இறுகும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, என்றும் சொல்லப்போவதுமில்லை. தெம்பனிஸில் சனிக்கிழமைதோறும் அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்த்து நீராடுகிறேன். பிறகு கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, இரு பிரேக்கையும் அழுத்தி வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பார்த்து, ஏறிச் சந்தைக்குச் செல்கிறேன். நனைந்த மூடிகள் வந்தால் இறங்கித் தள்ளுகிறேன். மழைநாளில் பிரேக் கீச்சிடுகிறது. திரும்பிப் பார்ப்பவர்களுக்கு நான் விளக்கம் அளிப்பதில்லை.